வீட்டுத்திட்டம் என்று வந்து காணி உறுதியை வாங்கிக்கொண்டு போகிறார்கள், கவனம்

வலிகாமம் வடக்கில் மீள்குடியேறிய உறவுகள் இதைக் கட்டாயம் முழுதாக வாசியுங்கள். வாசிக்க முடியாத வயதானவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். தொண்டு நிறுவனம் ஒன்றின் பெயரைச் சொல்லி, மாதம் மாதம் சிறிய தொகை கட்டினால் உங்கள் காணியில் வீடு கட்டித் தருகிறோம் என்று வந்தவர்கள், என் தங்கச்சியிடம் ஒரு இலட்சத்து ஐயாயிரம் ரூபாவையும் அவளின் காணி உறுதியையும் வாங்கிக்கொண்டு தலைமறைவாகிவிட்டார்கள். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் பெயர்களை இங்கே போடவில்லை. அடுத்த ஊருக்கு அவர்கள் வேறு பெயரோடு வரக்கூடும். அதனால் எப்படி ஏமாற்றினார்கள் என்பதையே விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் 1990 இல் மயிலிட்டியை விட்டு ஓடியது. தங்கச்சி பிறந்தது, வளர்ந்தது, கலியாணம் முடித்தது எல்லாம் நலன்புரி முகாமில்தான். 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதி இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்ட பிறகு, அம்மா சீதனமாக எழுதிக்கொடுத்த இரண்டு பரப்புக் காணியில் தகரக் கொட்டில் ஒன்று போட்டுக்கொண்டு வந்து இருந்தாள். இந்திய வீட்டுத்திட்டம் 2012 இல் பெரிய அளவில் தொடங்கியபோது எங்கள் காணி இராணுவத்திடம் இருந்தது. சொந்த வளவில் கால் வைக்க முடியாதவள் எந்தப் பட்டியலில் பெயர் கொடுப்பது? பிறகு அரசாங்கத்தின் வீட்டுத்திட்டம் ஒன்று வந்தது. 2019 நவம்பரில் ஆட்சி மாறியதோடு அந்தக் காசு நின்றுபோக, வடக்கில் எத்தனையோ குடும்பங்கள் கூரையில்லாத சுவரோடும் கடை கடையாகக் கடனோடும் நின்றதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். இப்படிக் காத்திருந்து களைத்துப்போன சனம் இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் இவர்கள் வருகிறார்கள்.

வந்தது ஒரு ஆணும் ஒரு பெண்ணும். கழுத்தில் அடையாள அட்டை, வாகனத்தின் கதவில் நிறுவனத்தின் பெயர். மிகவும் மரியாதையான பேச்சு. "அக்கா, இது சும்மா குடுக்கிற வீடில்லை. பதினெட்டு இலட்சத்து வீடு. அதில ஆறு இலட்சத்தை மட்டும் நீங்கள் மாசம் ஐயாயிரமாக் கட்டுங்கோ, வட்டி இல்லை, பத்து வருசத்தில முடிஞ்சிடும். மிச்சம் வெளிநாட்டு உதவி" என்றார்கள்.

முழுக்க இலவசம் என்று சொல்லியிருந்தால் அவள் சந்தேகப்பட்டிருப்பாள். கொஞ்சம் நீ, மிச்சம் நாங்கள் என்றபடியால்தான் நம்பினாள். அப்படி நம்புவதற்கு நியாயமும் இருக்கிறது. உண்மையாகவே இந்த முறையில் வீடு கட்டும் நிறுவனங்கள் உலகத்தில் உண்டு. 1976 இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் தொடங்கிய ஹபிடாட் போர் ஹியுமானிட்டி அப்படித்தான் பெயர் எடுத்தது. அவர்கள் வீட்டை இலவசமாகக் கொடுப்பதில்லை. குடும்பம் தன்னால் இயன்ற தவணையில் கடனைக் கட்டவேண்டும், வீடு கட்டும் வேலையில் தானும் இறங்கி உழைக்கவேண்டும். எவ்வளவு தேவை, தவணை கட்ட முடியுமா, கூட நின்று உழைக்க விருப்பமா என்ற மூன்றையும் பார்த்துத்தான் ஆட்களைத் தெரிவு செய்வார்கள். இங்கே இந்திய வீட்டுத்திட்டத்தை நடைமுறைப்படுத்தியவர்களில் அவர்களும் இருந்தார்கள். எங்களை ஏமாற்றியவர்களுக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நல்ல திட்டங்கள் எப்படி நடக்கும் என்று சனத்துக்கு ஓரளவு தெரியும் என்பதையே இவர்கள் முதலாக்கிக்கொண்டார்கள்.

வித்தியாசம் காசு எந்தப் பக்கம் போகிறது என்பதில் இருக்கிறது. ஒழுங்கான திட்டத்தில் குடும்பத்தின் பங்கு அந்தக் குடும்பத்தின் வளவுக்குள்ளேயே கிடக்கும்: அத்திவாரம் வெட்டுவது, சுவருக்குத் தண்ணீர் விடுவது, மேசனுக்குக் கையாளாக நிற்பது. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சமும் பயனாளியின் சொந்த வங்கிக் கணக்குக்கே வந்தது. அதுவும் ஒரேயடியாக இல்லை, அத்திவாரம், சுவர், கூரை என்று வேலையைப் பார்த்துப் பார்த்துக் கட்டம் கட்டமாக. வீடு கட்டி முடியும் முன்னம் எந்த உத்தியோகத்தரின் கையிலும் பயனாளி காசு வைக்கவேண்டி இருக்கவில்லை. திருப்பிக் கட்டும் திட்டமாக இருந்தாலும், முதலில் ஒப்பந்தம், பிறகு வேலை, அதற்குப் பிறகுதான் தவணை வரவேண்டும்.

தங்கச்சியிடம் முதலில் படிவத்துக்கு என்று 5,000 வாங்கினார்கள். கொட்டிலைப் படம் எடுத்தார்கள், வளவை அளந்தார்கள், பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார்கள். கொஞ்ச நாளில் 'நீங்கள் தெரிவாகிவிட்டீர்கள்' என்று கடிதம் வந்தது. அவள் அதைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். அதோடு ஒரு இலட்சம் வைப்புப் பணம் கேட்டார்கள். நிறுவனத்தின் கணக்கு இன்னும் கொழும்பில் திறந்து முடியவில்லையாம், அதுவரைக்கும் இணைப்பாளரின் சொந்தக் கணக்கில் போடட்டாம். தாலிக்கொடியை அடைவு வைத்துப் போட்டாள். கொடுத்த துண்டில் தொடர் இலக்கமும் இல்லை, பதிவு இலக்கமும் இல்லை.

பிறகு உறுதியைக் கேட்டார்கள். போட்டோப் பிரதி காணாது, சட்டத்தரணி மூலப்பிரதியைத்தான் பார்க்கவேணும் என்றார்கள். அதே நாளில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்த நாலைந்து தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் ஒன்று, அவளின் பெயரில் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவமாக இருந்திருக்குமோ என்பதுதான் இன்று எங்களின் பெரிய பயம். காசு போனால் கடலுக்குப் போய் உழைக்கலாம். இருபத்தேழு வருசம் காத்திருந்து கிடைத்த காணிக்கு இன்னொருவன் உரிமை கேட்டு வந்தால் எங்கே போவது?

போகிற போக்கில், அத்திவாரத்தை வெட்டி வையுங்கோ, அடுத்த கிழமை கல் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மச்சான் தொழிலுக்குப் போகாமல் நின்று தன் கையாலேயே வெட்டினார். கல் வரவில்லை, மாரிதான் வந்தது. வெட்டிய கிடங்கு முழுக்க வெள்ளம், கரை இடிந்து விழுந்தது. பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள் என்று கடைசியில் அவரே மூடினார். தொலைபேசி வேலை செய்யவில்லை. யாழ் நகரில் அவர்கள் வைத்திருந்த கந்தோரைத் தேடிப் போனால், கட்டட உரிமையாளருக்கே வாடகை பாக்கி.

பொலிஸில் முதலில் இது கொடுக்கல் வாங்கல் பிரச்சினை, மத்தியஸ்த சபைக்குப் போங்கோ என்றார்கள். தெரிந்த சட்டத்தரணி ஒருவர் கூட வந்து, பொய் சொல்லி வாங்கியது மோசடிக் குற்றம் என்று விளக்கிய பிறகுதான் பதிந்தார்கள். முறைப்பாட்டில் 'கடன்' என்றோ 'திருப்பித் தரவில்லை' என்றோ எழுதவிடாதீர்கள். என்ன பொய் சொன்னார்கள், அதை நம்பி என்ன கொடுத்தீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். அலுவலகம் ஒன்றில் உத்தியோகத்தர் ஒருவர் தங்கச்சியைப் பார்த்து "எங்களைக் கேட்டிட்டே குடுத்தனீங்கள்?" என்றார். பெயர் ஒட்டிய வாகனம் பட்டப்பகலில் ஊருக்குள் ஓடித் திரிந்தபோது அதை மறித்து ஒரு கேள்வி கேட்கவேண்டியது யார்? அந்த வார்த்தையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்படி யாராவது வந்தால் விதானையாரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள். வீட்டுத்திட்டம் உண்மை என்றால் அவர்களுக்குத் தெரியாமல் நடக்காது. தொண்டு நிறுவனங்களின் பதிவு விபரத்தைக் கச்சேரியிலும் (மாவட்டச் செயலகம்) கேட்கலாம். வாயால் பதில் சொல்லாவிட்டால் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்லியாகவேண்டும். உறுதியின் பிரதியை மட்டும் காட்டுங்கள், மூலப்பிரதியைக் கையை விட்டு விடவேண்டாம். விளங்காத மொழியில் இருக்கும் தாளில், எவ்வளவு நல்லவர் நீட்டினாலும், கையெழுத்து வைக்கவேண்டாம்.

ஏற்கனவே உறுதியைக் கொடுத்தவர்கள் மனமுடைந்து போகாதீர்கள். உறுதித் தாள் போனதால் மட்டும் காணி உரிமை போய்விடாது. நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்தில் இருக்கும், அதிலிருந்து சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம். அதைவிட அவசரம், அங்கே இருக்கும் தோம்பை, அதாவது காணிப் பதிவேட்டை, தேடிப் பார்ப்பது. நீங்கள் உறுதியைக் கொடுத்த பிறகு உங்கள் காணியில் ஈடோ விற்பனையோ பதிந்திருக்கிறதா என்று அதில் தெரியும். தங்கச்சியின் காணியில் இதுவரை ஒன்றும் பதியப்படவில்லை. ஆனாலும் இடைக்கிடை போய்ப் பார்க்கிறோம்.

இதே மாதிரிக் கடிதம் கிடைத்தவர்கள், சொந்தக் கணக்கில் காசு போட்டவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். பொதுவில் உங்கள் பெயரைப் போடவேண்டாம். வங்கித் துண்டையும் அந்தக் கடிதத்தையும் எறிந்துவிடாமல் வைத்திருங்கள். தனித்தனியாகப் போனால் கணக்கெடுக்கமாட்டார்கள். கொஞ்சப் பேர் சேர்ந்ததும் எங்கள் சட்டத்தரணியோடு எல்லோரும் ஒன்றாகப் போய் முறைப்பாடு கொடுப்போம்.