மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை: ஏழு மணிக்குள் போய்விடுங்கள்

1999 நவம்பர் 14 அன்று திறந்த இதுதான் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை. கடை வாடகை இல்லை, கமிஷன் பிடித்தமும் இல்லை. அடையாள அட்டை உள்ள விவசாயி நேராக விற்கலாம். இடைத்தரகைக் குறைத்ததற்கு முழு மதிப்பெண்.

கோளாறு விலைப்பலகையில் இருக்கிறது. மொத்த விலைக்குச் சற்று மேல், சில்லறை விலைக்குக் கீழ் என்று காலையிலேயே அதிகாரிகள் எழுதிவிடுகிறார்கள். அதைத் தாண்டி விற்கக் கூடாது. பிஞ்சு வெண்டைக்குக் கூடுதலாக நாலு ரூபாய் கேட்க முடியாதென்றால், முந்தி வருபவர் பிஞ்சை அள்ளிவிடுவார். தாமதமாகப் போனால் நுனி ஒடியாமல் வளைகிற முற்றல்தான் மிச்சம். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகைக்கு இந்த விலைக் கட்டுப்பாடு கிடையாது: முகூர்த்த நாளில் விலை எகிறும், ஆனால் பூ கிடைக்கும்.

தக்காளி, கீரையை இங்கேயே வாங்கலாம். சில்லறையோடு போங்கள்.