கறுவல் கரையில், நாங்கள் புறாத்தீவில்

நாயோடு புறாத்தீவு பார்க்கலாமா என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். நீங்கள் பார்க்கலாம், நாய் பார்க்க ஏலாது. அது திருகோணமலையில், நிலாவெளிக் கரைக்கு எதிரே கடலுக்குள் இருக்கிற தேசியப் பூங்கா. வீட்டுப் பிராணிகளை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். ஆனால் நாய் வைத்திருக்கிறவர்களுக்கும் அந்தப் பயணம் நல்லபடி அமையும். போன ஆடி மாதம் எங்களுக்கு அப்படித்தான் அமைந்தது.

நாங்கள் உப்புவெளி. கறுவல் மூன்று வயது ஊர்நாய். பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள் என்பதால் எங்கள் தெரு ஓட்டோ அண்ணையிடம் முதல் நாளே சொல்லி, பின் சீற்றில் பழைய சாக்கு விரித்துக்கொண்டு போனோம். நான், இவர், அக்கா, அக்காவின் மகன். விடிய ஏழு மணிக்கு நிலாவெளிக் கரையில் நின்றோம். ஒன்பதரைக்குப் பிறகு மணல் சுடத் தொடங்கிவிடும். எங்களுக்குச் செருப்பு இருக்கிறது, நாய்க்கு அதன் கால்தான்.

படகுக்காரர் கறுவலைக் கண்டதுமே சொல்லிவிட்டார்: "நாயை ஏத்த ஏலாது தங்கச்சி. நான் ஏத்தினாலும் அங்க இறக்க விடமாட்டாங்க." நாங்கள் கேட்டது அதுவல்ல, இரண்டு முறையாகப் போகலாமா என்றுதான். முதலில் அக்காவும் மகனும். அவர்களை எடுக்க வரும் படகிலேயே நானும் இவரும். அக்கா வந்து கறுவலைப் பார்த்துக்கொள்வா. படகு வாடகை ஆள் கணக்கில் இல்லை, முழுப் படகுக்கும் ஒரே தொகை. அதனால் இரண்டு மடங்கு கேட்பாரோ என்று பயந்தேன். கூடுதலாக ஓடும் ஒரு தடவைக்கு எண்ணெய்க் காசு மட்டும் கேட்டார். சொன்ன நேரத்துக்கு வந்தார், எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி தந்தார், பவளப்பாறை தொடங்கும் இடத்துக்கு முன்னாலேயே எஞ்சினைக் குறைத்தார். இந்தச் சேவைக்கு நான் முழுப் புள்ளி கொடுக்கிறேன். அனுமதிச் சீட்டைக் கரையில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் கருமபீடத்தில் எடுக்கவேண்டும், அது வேறு காசு.

தீவு கரையில் இருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர்தான். 1963இல் சரணாலயமாகி 2003இல் தேசியப் பூங்காவானது. கடலும் சேர்த்து 471 ஹெக்டேயர். இறங்கும் இடத்தில் மணலைவிட உடைந்த பவளத் துண்டுகள்தான் கூட. முழங்காலளவு தண்ணீருக்குள் செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் எங்களைச் சட்டை செய்யாமல் போயின. கோயில் கோபுரத்தில் பார்க்கிற அதே மாடப்புறா இங்கே பாறை இடுக்கில் குடியிருக்கிறது, தீவுக்குப் பெயரும் அதனால்தான். ஒரு புறா என் தலைக்கு மேல் இருந்த பாறையில் வந்து உட்கார்ந்தது. கறுவல் என்னோடு நின்றிருந்தால் அது உட்கார்ந்திராது. நாய் கடிக்கவேண்டும் என்றில்லை, அதன் வாசமும் ஓட்டமுமே போதும். கூட்டை விட்டுப் பறவை எழும்பினால் முட்டை காவலில்லாமல் கிடக்கும்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். இரண்டு வருடத்துக்கு முந்தி, ஆளில்லாத கரைதானே என்று கறுவலை அவிழ்த்துவிட்டேன். மணலில் படரும் அடம்பன் கொடிக்குப் பின்னால் இருந்த வெட்டையில் ஒரு சோடி ஆட்காட்டிக் குருவி தலைக்கு மேல் கத்திக்கத்திச் சுழன்றது. நாய்க்குக் கோபம் காட்டுகின்றன என்று நினைத்தேனே தவிர, தரையில் முட்டை இருக்கும் என்று நினைக்கவில்லை. ஆட்காட்டி கூடு கட்டாது, வெறும் நிலத்தில் சின்னப் பள்ளத்தில் இடும். முட்டை கல்லைப் போலவே புள்ளி போட்டிருக்கும். நான் ஓடிப்போகையில் நாலில் இரண்டு உடைந்துவிட்டது. கறுவல் கடிக்கவில்லை, மிதித்தது. தவறு அவனுடையதல்ல. அந்தச் சோடி கத்தியது இன்றைக்கும் என் காதில் நிற்கிறது.

அதற்குப் பிறகு கயிறில்லாமல் கரையில் அவனை விடுவதில்லை. முதலில் கடையில் நாய்களுக்கென்று விற்கிற பட்டி ஒன்று வாங்கினேன், நிறம் வடிவு. ஒரே பருவத்தில் கொளுக்கி உப்பில் துருப்பிடித்து இறுகிவிட்டது. இப்போது இருப்பது, வலைச் சாமான் கடையில் வாங்கிய ஐந்து மீற்றர் கயிறும் பித்தளைக் கொளுக்கியும். பித்தளை உப்புக்குத் தாக்குப்பிடிக்கிறது. பத்து மீற்றர் வாங்கவேண்டாம், அடம்பன் கொடியில் சிக்கிக்கொள்ளும், இழுத்து நிறுத்தவும் நேரம் போய்விடும். நைலோன் கயிறு உள்ளங்கையைச் சுட்டுவிடும், பிடிக்கிற இடத்தில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். நடக்கும்போது அலை நனைத்த ஈர மணலிலேயே நடக்கிறோம். காய்ந்த மணலும் கொடியும் பறவைகளுக்கும், ஆமை முட்டையிட்டிருந்தால் அதற்கும் உரிய இடம். ஆமை முட்டை ஏறக்குறைய ஐம்பது அறுபது நாள் மணலுக்குள் கிடக்கும், நாயின் மூக்குக்கு அதைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை.

கரைவலை இழுத்த இடத்தைச் சுற்றிப் போங்கள். வேண்டாத மீனை அங்கேயே மணலில் போட்டுவிடுவார்கள், அதில் பேத்தை மீனும் இருக்கும். உப்பிக்கொண்டு பந்து மாதிரிக் கிடக்கும். அதன் நஞ்சு நாயைக் கொன்றுவிடும், காய்ந்து கிடந்தாலும் நஞ்சு நஞ்சுதான். அன்றைக்கும் ஒன்று கிடந்தது. அக்கா கயிற்றைக் கட்டையாகப் பிடித்துக் கடந்ததாகச் சொன்னா. கடல் தண்ணீர் குடித்தாலும் நாய்க்கு வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். மூன்று லீற்றர் நல்ல தண்ணீரும் ஒரு அலுமினியச் சட்டியும் கொண்டுபோனோம், மிச்சம் வரவில்லை.

குறை இரண்டு. படகேறும் இடத்தில் காத்திருக்கிறவர்களுக்கு நிழல் போதாது. அக்கா கறுவலோடு கொஞ்சம் தள்ளியிருந்த தென்னை நிழலில்தான் இருந்தா. நாய் எச்சத்தைப் போட நாங்கள் நின்ற பக்கம் ஒரு தொட்டியும் இல்லை. மணலில் புதைத்தால் அலை கொண்டுபோய்விடும் என்று சிலர் செய்கிறார்கள். அலை கொண்டுபோவது அந்தப் பவளத்தை நோக்கித்தான். நாங்கள் கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

இன்னொன்று. மத்தியானம் தங்க, நாய்க்கும் இடமுண்டு என்று தொலைபேசியில் சொன்ன ஒரு விடுதிக்குப் போனோம். போனபிறகு, பின்னால் ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் கட்டச் சொன்னார்கள். நாங்கள் இருக்கவில்லை. கேட்கும்போது "நாய் வரலாமா" என்று கேட்காமல் "நாய் எங்கே நிற்கும்" என்று கேளுங்கள்.

வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் குளிப்பாட்டும்போது கறுவலின் விரலிடுக்கில் இராவணன் மீசைப் புல்லின் முள் ஐந்து எடுத்தேன். புரட்டாதி முடியமுதல் இன்னொரு முறை போக இருக்கிறோம். வாடை தொடங்கிவிட்டால் கடல் கொந்தளிக்கும், படகு போகாது.