அம்மாவுக்கு வாங்குன ஏர் பெட், ஆறு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

அம்மாவுக்கு ஸ்ட்ரோக். ஐசியூ, ஹெச்டியூ (ஐசியூவுக்கு அடுத்த கட்ட கவனிப்பு பிரிவு), வார்டுன்னு மாறி மாறி கடைசில வீட்டுக்கு கூட்டிட்டு வந்தோம். டிஸ்சார்ஜ் அன்னிக்கு சிஸ்டர் "ஃபௌலர் கட்டிலும் ஏர் பெட்டும் ரெடி பண்ணிருங்கக்கா"ன்னு சொல்லிட்டு போய்ட்டாங்க. ஏர் பெட்ங்கறது படுத்தே இருக்கறவங்களுக்கு படுக்கைப் புண் வராம இருக்க போடுற, பம்ப் வெச்ச காத்து மெத்தை. ஃபௌலர்ங்கறது ஒரு அமெரிக்க சர்ஜனோட பேராம், தலைப்பக்கம் தூக்கி உட்கார வைக்கிற பொசிஷனுக்கு அவர் பேரையே வெச்சுட்டாங்க. 30ல இருந்து 45 டிகிரி வரைக்கும் தூக்குனா செமி ஃபௌலர்.

ஏர் பெட் விஷயத்துலதான் நான் தப்பு பண்ணேன். கடைல போய் ஏர் பெட் குடுங்கன்னு மட்டும் கேட்டேன், அவங்க ஒண்ணும் விசாரிக்காம பபிள் டைப்ப எடுத்து குடுத்துட்டாங்க. சின்ன சின்ன கொப்புளம் கொப்புளமா இருக்கும், ஒரு செட் ஊதுறப்போ இன்னொரு செட் எறங்கும், பத்து நிமிஷம் போல ஆனதும் மாறிக்கும். ஒரே எடத்துல அழுத்தம் நிக்காம இருக்கணும்ங்கறதுதான் இதோட வேலையே. ஆனா அம்மா வெயிட்டுக்கு அந்த பபிள் தாங்கல.

மூணாவது வாரம் காலைல டயப்பர் மாத்த திருப்புறேன், இடுப்புக்கு கீழ வால் எலும்பு இருக்குற எடத்துல உள்ளங்கை சைஸுக்கு செவப்பா இருக்கு. விரல வெச்சு அழுத்திப் பாத்தேன், வெளுக்கவே இல்ல. அதுதான் பெட் சோர் (படுக்கைப் புண்) ஸ்டேஜ் 1னு டிரெஸ்ஸிங் பண்ண வர்ற சிஸ்டர் சொன்னாங்க. தோல் உரிஞ்சாலோ கொப்புளம் வந்தாலோ ஸ்டேஜ் 2, உள்ள கொழுப்பு வரைக்கும் போனா 3, தசை எலும்பு தெரிஞ்சா 4. பம்ப் பாட்டுக்கு சத்தம் போட்டு ஓடிட்டு இருந்துச்சு, ஒட்டு விட்டு காத்து எறங்கிருக்கு, எனக்கு தெரியவே இல்ல. அன்னிக்கு அழுதுட்டேன்.

அப்புறம் டியூபுலர் டைப் மாத்துனோம், நீளமா குழாய் குழாயா குறுக்க போகும். இது நெஜமாவே நல்லா இருக்கு. ஒரு குழாய் போனா அத மட்டும் கழட்டி மாத்திக்கலாம், பம்ப் கால்மாட்டுல கொக்கி போட்டு தொங்குது, சத்தம் கம்மி. வெயிட்டுக்கு ஏத்த மாதிரி பம்புல இருக்குற நாப் திருகிக்கணும், ரொம்ப ஏத்திட்டா கல்லு மாதிரி ஆயிரும், அதுவும் ஆகாது. சரியா இருக்கான்னு பாக்க சிஸ்டர் ஒரு வழி காட்டுனாங்க: இடுப்புக்கு நேர் கீழ ஏர் பெட்டுக்கு அடில கைய விட்டு பாருங்க, ஒரு இன்ச்சாவது காத்து இருக்கணும், எலும்பு கைல தட்டுச்சுன்னா காத்து பத்தல. இத தெனமும் ரெண்டு வேளை பாக்குறேன்.

தலைமாட்டுப் பக்கம் சிபிஆர்னு எழுதி ஒரு பட்டை இருக்கும். இதயம் நின்னு போய் நெஞ்ச அழுத்த வேண்டிய நெலம வந்தா அத இழுத்தா காத்து சட்டுனு எறங்கிரும், ஏன்னா காத்து மேல வெச்சு அழுத்துனா அழுத்தம் நெஞ்சுக்கு போய் சேராது. எல்லா மாடல்லயும் இது இல்ல, கேட்டு வாங்குங்க.

கொற என்னன்னா கரண்ட் போனா கொஞ்ச கொஞ்சமா எறங்க ஆரம்பிச்சுரும், பம்புக்கு பேக்கப் இருந்தே ஆகணும். பம்புல இருந்து பெட்டுக்கு போற டியூப், கட்டில் சட்டத்துல மாட்டி மடங்கிக்கிச்சுன்னாலும் காத்து போகாது. மேல மெத்து மெத்துன்னு போர்வை, ரப்பர் ஷீட்டுன்னு அடுக்குனா பெட் போட்டதுக்கே அர்த்தம் இல்ல, ஒரே ஒரு காட்டன் ஷீட்ட லூசா விரிச்சா போதும்.

முக்கியமா, ஏர் பெட் போட்டாச்சுன்னு திருப்பிப் படுக்க வைக்கிறத நிறுத்திராதீங்க. நாங்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்புறோம், முதுகுக்கு தலகாணி குடுத்து லேசா சாய்ச்சு. சாப்பாடு குடுக்க தூக்குன தலைப்பக்கத்த அப்பறமா 30 டிகிரிக்கு எறக்கிருவோம், அதுக்கு மேலயே விட்டா ஒடம்பு சரிஞ்சு தோல் இழுபடுது. குதிகாலுக்கு பெட் மட்டும் பத்தல, கெண்டைக்காலுக்கு கீழ தலகாணி வெச்சு குதிகால் எதுலயும் படாம அந்தரத்துல நிக்கிற மாதிரி பாத்துக்கறோம்.

அந்த செவப்பு ரெண்டு வாரத்துல மறைஞ்சுது, இப்ப வரைக்கும் திரும்ப வரல. நேத்து நைட்டு கூட திருப்புறப்போ டார்ச் அடிச்சு பாத்தேன், தோல் நல்லா இருக்கு.