கடல் கதைப் பெட்டி: எழுத்துக்கூட்டத் தொடங்கும் பிள்ளைகளுக்கு எப்படி?

ஆறு சிறு புத்தகங்கள், 48 சொல்லட்டைகள், காந்தம் ஒட்டிய ஒரு தூண்டில். பெட்டிக்குள் இருப்பது இவ்வளவுதான்.

முதல் புத்தகம் அருமை. கடல், மணல், கப்பல் என்று அகர உயிர்மெய்யும் மெய்யும் மட்டுமே வரும் சொற்கள். 'கடல் பக்கம் மணல்' என்ற வரியில் கொம்பு இல்லை, துணைக்கால் இல்லை. க, ங, ச வரிசையும் புள்ளியும் தெரிந்த பிள்ளை முழு வாக்கியத்தையும் தானே படித்துவிடும். இரண்டாவதில் அலை, வலை, தலை. முதல் எழுத்தின் மேல் மடிப்புத்தாள் இருக்கிறது. அதைத் திருப்பினால் சொல் மாறுகிறது, 'லை' அப்படியே நிற்கிறது. இணைக்கொம்பு மனத்தில் பதிய இதைவிட நல்ல வழி இல்லை.

சறுக்கல் நான்காவதில். சுறா, நுரை, முத்து, சங்கு, நண்டு எல்லாம் ஒரே கதையில் வருகின்றன. உகரத்துக்குத் தமிழில் ஒரே குறி கிடையாது. சு, பு ஒரு மாதிரி, து, நு வேறு மாதிரி, கு, டு, மு இன்னொரு மாதிரி. மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் பிள்ளை திணறத்தான் செய்யும். அட்டைகளை வடிவப்படி மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவு பழகிய பிறகே அடுத்ததை எடுங்கள். 'முத்து' இரண்டு வடிவம் கலந்த சொல், கடைசியில் வரட்டும்.

ஐந்தாவதில் 'தோணி'யைப் பல பிள்ளைகள் 'தேணி' என்பார்கள். இரட்டைக்கொம்பைப் பார்த்ததுமே வாய் முந்திக்கொள்ளும், பின்னால் வரும் கால் கண்ணில் படாது. எழுத்தின் இருபுறமும் விரலை வைத்துக் காட்டினால் சரியாகும்.

'படகு' போன்ற சொற்களை ஒவ்வொரு எழுத்தாக இழுத்துப் படிக்கவிடாதீர்கள். தனியே சொல்லும்போது வல்லினமாக ஒலிக்கும் ட, கு இரண்டும் சொல்லின் நடுவே மெலிந்துவிடும். சேர்த்து வேகமாகச் சொன்னால், கேட்டுப் பழகிய காதே திருத்திக்கொள்ளும். கேட்டறியாத சொல்லுக்கு இது உதவாது. ஆகவே கதையை முதலில் நீங்கள் ஒருமுறை வாசித்துக் காட்டுவது அவசியம்.

படங்கள் அழகு. ஆனால் சொல்லுக்கு நேர் மேலே இருக்கின்றன. சுறாவின் படத்தைப் பார்த்து 'மீன்' என்று சொல்லிவிட்டு நகர்வது வாசிப்பு ஆகாது. ஒரு தாளால் படத்தை மூடி, படித்தபின் திறந்து காட்டுங்கள். ஒரு வேளைக்குப் பத்து நிமிடம் போதும்.

ஆறாவது புத்தகத்தில் கடலாமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்கிறது. கடலாமையால் அது முடியாது. வாசிக்கும்போதே திருத்திச் சொல்லிவிடுங்கள்.

தூண்டில் விளையாட்டுக்குப் பெரியவர் ஒருவர் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும். காந்தம் பசையால் மட்டுமே ஒட்டப்பட்டிருக்கிறது, அட்டைகளில் இரும்பு கிளிப். இரண்டையும் விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து நடுவில் சிக்கும் குடற்சுவரைக் கிழித்துவிடும். ஒவ்வொரு முறையும் எடுக்கும்போது காந்தத்தை இழுத்துப் பாருங்கள். ஆடினால் தூண்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு அட்டைகளைக் கையால் எடுத்தே விளையாடலாம்.