பழைய லேப்டாப்புக்கு வைஃபை: டபிள்யூஎல்லா, பி43-ஆ, வேறு கார்டா?

தக்கலையில் அத்தை வீட்டு மச்சில் கிடந்த பழைய டெல் லேப்டாப்பில் டெபியன் 12 என்கிற லினக்ஸை ஏற்றினேன். படம், பாட்டு எல்லாம் ஓடியது. வைஃபை மட்டும் இல்லை. "போன்ல நெட்டு வருது, இதுல ஏன் மக்களே வரல்ல?" என்றார் அத்தை. டெர்மினலில் எல்எஸ்பிசிஐ (உள்ளே இருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் கட்டளை) அடித்துப் பார்த்தால், வைஃபை சிப் பிராட்காம் பிசிஎம்4312. சரிதான்.

இந்தச் சிப்பை ஓட்ட இரண்டு டிரைவர்கள், அதாவது இயக்கும் மென்பொருள்கள், உண்டு. ஒன்று டபிள்யூஎல். பிராட்காமே கொடுத்தது, மூலநிரல் பூட்டியே இருக்கும். போட்டதும் ஓடிவிடும். ஆனால் அதன் கடைசிப் பதிப்பு 2015-இல் வந்தது. லினக்ஸின் கருவான கெர்னல் அப்டேட் ஆகும்போதெல்லாம் அது மறுபடி கம்பைல் ஆக வேண்டும், அதாவது புது கெர்னலுக்கு ஏற்ப உருவாக வேண்டும். ஆகாத நாளில் நெட் இல்லை. வைஃபையின் புதிய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3-உம் கிடையாது.

இன்னொன்று பி43. டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் என்கிற நிரல்தான் இல்லை. அதை விநியோகிக்க அனுமதி இல்லாததால், இன்டெலுக்கானதைப் போல டெபியன் 12 டிஸ்கில் அது வராது. 4312-க்கு என்று இருக்கும் எல்பிபிஎச்ஒய் இன்ஸ்டாலர் என்கிற பேக்கேஜ் நெட்டில் போய், பிராட்காமின் பழைய டிரைவரை இறக்கி, சக்கையிலிருந்து சுளை எடுப்பதுபோல ஃபர்ம்வேரை வெட்டி எடுக்கும். வைஃபை வர நெட் வேண்டும் என்கிற கூத்து இது. போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கும் டெதரிங் போட்டால் தீர்ந்தது. நான் மாட்டிய முதல் கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற ரகம். அரை மணி நேரம் போனைத் திட்டினேன்.

வேகத்துக்காக டபிள்யூஎல் பக்கம் போகத் தேவையில்லை. இந்தக் கார்டே 54 எம்பிபிஎஸ்தான், எந்த டிரைவர் போட்டாலும் அதைத் தாண்டாது. ஒன்று கவனம்: டபிள்யூஎல் பேக்கேஜ் பி43-ஐத் தடைப்பட்டியலில் போட்டுவிடும். பி43-க்கு மாறுவதென்றால் முதலில் டபிள்யூஎல் பேக்கேஜை முழுசாக நீக்குங்கள்.

யூஎஸ்பியில் செருகும் வைஃபை டாங்கிள் வாங்குவதென்றால் ஏஆர்9271 சிப் உள்ளதா என்று பாருங்கள். அதன் ஃபர்ம்வேரும் திறந்த மூலம். அட்டையில் ஒரே மாடல் எண், உள்ளே பதிப்புக்கொரு சிப் என்பதும் நடக்கும். டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் ஏஆர்9271, இரண்டாவதில் ரியல்டெக்.

கார்டையே மாற்றுவதுதான் எனக்குப் பிடித்த வழி. அடிமூடியைக் கழற்றி, கறுப்பு வெள்ளை ஆன்டெனா வயர் இரண்டையும் நகத்தால் நெம்பி எடுத்து, அதே இடத்தில் பொருந்தும் பழைய இன்டெல் மினி பிசிஐஇ வைஃபை கார்டை வைத்து, வயரை 'டிக்' என்று அமுக்கினால் முடிந்தது. சில லேப்டாப்புகளில் மட்டும், ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸ் அந்நியக் கார்டை ஏற்காமல் பூட் ஆகவே மறுக்கும்.

அத்தைக்கு பி43 போட்டுக் கொடுத்தேன், காசு செலவில்லை. அடுக்களைக்குள் ஒரு கோடுதான் சிக்னல் வருகிறது. அதனால் லேப்டாப்பைத் திண்ணையில் வைத்துத்தான் கீர்த்தனை கேட்கிறார்.