சுங்கை சிப்புட்டில் ஓட்டம்: தோட்டத்துச் சாலையா, பட்டணத்துத் திடலா?

வேலை விஷயமாக மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பக்கம் வந்து சுங்கை சிப்புட்டில் தங்குகிறவர்கள் ஓட்டத்தை விடாமலிருக்க இரண்டு வழி: விடியலில் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்து மண்சாலை, இல்லாவிட்டால் சாயங்காலம் பட்டணத்துத் திடல்.

மண்சாலை முழங்காலுக்கு இதம், நிழலும் உண்டு. ஆனால் 1982-இல் தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்தள்ளியதிலிருந்து ஏழு மணி வாக்கில்தான் வெளுக்கிறது. கொஞ்சம் தாமதித்தால் குலை ஏற்றிய லாரியின் புழுதிதான் மூச்சுக்குள் போகும். வெட்டிப்போட்ட மட்டையின் முள் சப்பாத்தைக்கூடக் குத்தும். லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையின்) நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி மெல்ல நடங்கள். கைக்கடிகாரக் கணக்கு கிடக்கட்டும்.

திடலில் அந்தத் தொல்லை குறைவு. சுற்றிச் சுற்றி வருவது சலிப்பு, மாலை இடிமழை பிடித்தால் அன்றைக்கு ஓட்டமே போச்சு.

என் ஓட்டு தோட்டத்துக்கே. காலையிலேயே வேலைக்குக் கிளம்பவேண்டிய நாளில் மட்டும் திடல்.