அயோவா காக்கஸா, நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியா?

அதிபர் வேட்பாளரைக் கட்சிக்குள் தேர்ந்தெடுக்க அமெரிக்காவில் இரண்டு வழி, பிரைமரி என்ற வாக்குப்பதிவும் காக்கஸ் என்ற கட்சிக் கூட்டமும். எனக்குப் பிடித்தது பிரைமரிதான். நியூ ஹாம்ப்ஷயரில் அதை மாநில அரசே நடத்தும், சாவடியில் ரகசியமாக ஓட்டுப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம், எந்தக் கட்சியிலும் பதியாதவர்கூட ஏதாவது ஒரு கட்சியின் சீட்டை வாங்கி வாக்களிக்கலாம்.

அயோவா மாநிலத்தின் காக்கஸ் வேறு ரகம். கட்சி நடத்தும் கூட்டம் அது. ஜனநாயகக் கட்சியினர் 2020 வரை பள்ளிக்கூடங்களிலும் சர்ச்சுகளிலும் கூடி, பிடித்த வேட்பாளரின் பக்கம் எல்லோர் முன்னாலும் போய் நின்றார்கள். பெரும்பாலான இடங்களில் 15 சதவீதம் தேறாத அணியினரை மற்றவர்கள் பேசிப் பேசித் தங்கள் பக்கம் இழுத்தார்கள். சுவாரசியம்தான், ஆனால் அந்த நேரத்துக்கு நேரில் வர முடியாத இரவு ஷிஃப்ட்காரர் என்ன செய்வார்? குடியரசுக் கட்சி அங்கேயும் ரகசிய ஓட்டுதான். சரி, குழப்பமாவது இல்லையா என்றால், 2012இல் அந்தக் கட்சியின் போட்டியாளர்களில் ராம்னி 8 ஓட்டில் வென்றதாக முதலில் சொல்லி, அப்புறம் இன்னொரு போட்டியாளர் சாண்டோரம்தான் 34 ஓட்டு முன்னிலை என்றார்கள்.